வறண்ட பாலத்துப் பழைய புத்தகங்கள்

"பழைய பேப்பர்க் கடைக்குப் போறதுக்கு யாராவது ப்ளேன் ஏறுவாங்களா அக்கா?" என்று என் ஓரகத்தி கேலி செய்தாள். செய்யட்டும். திபிலிசியில் நான் இருந்த பன்னிரண்டு நாட்களில் மாதா கோயில்கள், கந்தக வெந்நீர்க் குளியல், மலை மேல் ஏறும் ரயில் எல்லாம் பார்த்தாகி விட்டது. அவற்றைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் ஐந்து நாள் காலை வேளைகளைக் கழித்தது அந்த ஊர்ப் பழைய புத்தகக்காரர்களிடம். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

திபிலிசி, ஜார்ஜியா நாட்டின் தலைநகரம். 1991 வரை சோவியத் யூனியனில் சேர்ந்திருந்த பதினைந்து குடியரசுகளில் ஜார்ஜியாவும் ஒன்று. என் மூத்த பெண் அங்கே டாக்டருக்குப் படிக்கிறாள். நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே படிக்கிறார்கள். "ஒரு தடவை வந்து பாரும்மா" என்று இரண்டு வருஷமாக நச்சரித்தாள். சின்னவனையும் என் கணவரையும் மாமியார் பொறுப்பில் விட்டுவிட்டு அக்டோபர் மாதம் புறப்பட்டேன்.

பழைய சோவியத் புத்தகத்தின் மேல் உனக்கென்ன இத்தனை பைத்தியம் என்று கேட்பீர்கள். என் வயதுப் பெண்களுக்கு "சோவியத் நாடு" பத்திரிகை ஞாபகம் இருக்கும். படித்தோமோ இல்லையோ, ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் நோட்டுகளுக்கு அட்டை போட அதைவிட நல்ல தாள் கிடையாது. வழவழவென்று தடியாக இருக்கும். லேசில் கிழியாது. என் கணக்கு நோட்டின் மேல் ஒரு வருஷம் முழுக்க டிராக்டர் ஓட்டும் பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே இருந்தாள். நான் கணக்கில் வாங்கிய மார்க்கைப் பார்த்தும் அவள் சிரிப்பை நிறுத்தவில்லை!

அப்பா வாங்கிக் கொடுத்த கதைப் புத்தகங்களும் மாஸ்கோவில் தமிழிலேயே அச்சானவை. முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா பதிப்பகம் என்று போட்டிருக்கும். ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம், நா. முகம்மது செரீபு போன்றவர்கள் மொழிபெயர்த்தார்கள். நியூ செஞ்சுரி புக் ஹவுஸார் வேனில் வைத்து ஊர் ஊராகக் கொண்டு வருவார்கள். நல்ல கட்டு, வண்ணப் படம், விலை மட்டும் மலிவு. 1991 டிசம்பரில் சோவியத் யூனியன் கலைந்தது. அந்த அச்சும் நின்று போயிற்று. சென்னையில் பழைய புத்தகக் கடைகளில் மாஸ்கோ அச்சுப் பிரதி கண்ணில் பட்டால் இப்போது அதிர்ஷ்டம்தான். பதினைந்து வருஷமாகப் பொறுக்கியதில் என்னிடம் பதினேழு சேர்ந்திருக்கின்றன. அந்தப் புத்தகங்கள் பிறந்த தேசத்திலேயே அவற்றின் உடன்பிறப்புகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்கும் ஆசைதான்.

கடைத்தெருவின் பெயர் "வறண்ட பாலம்". ஊர் நடுவே ஓடும் குரா நதியை அங்கே ம்த்க்வாரி என்கிறார்கள். (வாயில் நுழையாவிட்டால் விட்டு விடுங்கள், எனக்கும் நுழையவில்லை.) அந்த நதியின் கிளை ஒன்றின் மேல் ஸ்குதியேரி என்ற இத்தாலியர் 1851-ல் கட்டிய பாலம் இது. 1930-களில் நதிக்குக் கரை எழுப்பியபோது அந்தக் கிளை வற்றி, இப்போது பாலத்தின் கீழே மோட்டார் ரோடு ஓடுகிறது. தண்ணீர் இல்லாத பாலம் நமக்கென்ன புதிதா? வைகைப் பாலத்தைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

பாலத்தின் மேலும், பக்கத்துப் பூங்கா ஓரத்திலும் தரையில் துணி விரித்துக் கடை போடுகிறார்கள். சனி, ஞாயிறுகளில் கூட்டம் அதிகம். மழை தூறினால் எல்லோரும் ஒரே சமயத்தில் பிளாஸ்டிக் தாளை இழுத்துச் சாமான்களை மூடிவிட்டுக் குடை பிடித்து உட்கார்ந்து விடுகிறார்கள். சமோவார் என்னும் வெந்நீர்க் கொதிகலன், பீங்கான் கோப்பை, பட்டாளத்து மெடல், பழைய காமிரா, இசைத்தட்டு, குறுவாள், டாக்டர்கள் வைத்திருக்கும் கத்தி கத்தரிக்கோல் கூட இருக்கிறது. என் பெண்ணுக்கு அங்கேதான் கண். எனக்கோ காகிதம் இருக்கிற பக்கம்தான் கால் போகிறது.

இந்தச் சந்தை பெருகிய கதையைக் கேட்டால் மனசு என்னவோ செய்கிறது. 1991-ல் ஜார்ஜியா தனி நாடாயிற்று. அந்தக் குளிர்காலத்திலேயே திபிலிசியின் நடுத்தெருவில் துப்பாக்கிச் சண்டை. அதற்குப் பிறகு சில வருஷம் கரண்ட் கிடையாது, காஸ் கிடையாது, பாங்கில் சேர்த்து வைத்த ரூபிளுக்கு மதிப்புக் கிடையாது. படித்தவர்கள், உத்தியோகத்தில் இருந்தவர்கள், பேராசிரியர்கள் என்று யாரும் மிச்சமில்லாமல் வீட்டுச் சாமானைத் தெருவுக்குக் கொண்டு வந்து விற்று ரொட்டி வாங்கினார்கள். கம்பளம், பீங்கான், மெடல், அப்புறம் புத்தகம். இப்போது கடை போடுகிறவர்களில் பாதிப் பேர் வாங்கி விற்கும் வியாபாரிகள். ஆனால் சொந்த வீட்டு அலமாரியைக் காலி செய்கிற வயதான பெண்மணிகளையும் பார்க்கலாம். முகத்திலேயே வித்தியாசம் தெரியும். வியாபாரி நம் கையைப் பார்ப்பார். இவர்கள் நம் கையில் இருக்கும் பொருளைப் பார்ப்பார்கள்.

வியாபாரிகள் எதைத் தொட்டாலும் "ரொம்ப அபூர்வம்" என்பார்கள். நம்பாதீர்கள். சோவியத் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தைப் புரட்டினால் உண்மை அங்கே அச்சடித்துக் கிடக்கிறது. எழுத்துக் கோக்கக் கொடுத்த தேதி, அச்சுக்குக் கையெழுத்தான தேதி, தாளின் அளவு, பதிப்பாசிரியர், ஓவிய ஆசிரியர், பிழை திருத்தியவர் பெயர், எத்தனை பிரதி, என்ன விலை என்று ஜாதகம் மாதிரி எல்லாம் இருக்கும். கெட்டி அட்டைப் புத்தகத்தில் விலையைப் பின் அட்டையிலேயே அழுத்திப் பதித்திருப்பார்கள், யாரும் அழித்துவிட்டுக் கூட்டி விற்க முடியாதபடி! நான் வாங்கிய ஒரு குழந்தைப் படப் புத்தகத்தில் மூன்று லட்சம் பிரதிகள் என்று போட்டிருந்தது. மூன்று லட்சம் அச்சானது எப்படி அபூர்வமாகும்? கிறுக்காத, கிழியாத குழந்தைப் புத்தகம்தான் அபூர்வம். குழந்தை கையில் கொடுத்தது எந்த நாட்டில் முழுசாகத் தப்பும்?

கிறுக்கல் உள்ளதும் எனக்குப் பிடிக்கும். அலெக்சாந்தர் ரஸ்கின் எழுதிய "அப்பா சிறுவனாக இருந்தபோது" தமிழில் வந்தது உங்களில் சிலர் படித்திருக்கலாம். உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த தன் பெண்ணுக்காக அவர் சொன்ன கதைகள். அப்பா சின்னப் பையனாக இருந்தபோது தன் பந்தைக் காருக்கு அடியில் எறிந்த கதைதான் முதலில் வரும். அதன் ரஷ்யப் பிரதி ஒன்று பாலத்தில் கிடந்தது. எனக்கு ரஷ்ய எழுத்தில் நாலைந்துக்கு மேல் தெரியாது. ஆனால் லெவ் தக்மகோவ் வரைந்த படங்களைப் பார்த்ததும் பக்கத்துக்குப் பக்கம் கதை வந்துவிட்டது. எவனோ ஒரு பிள்ளை அப்பாவுக்குப் பேனாவால் மீசை வைத்திருந்தான். எட்டு லாரி. நம் பணத்தில் ஏறக்குறைய இருநூற்று நாற்பது ரூபாய். பேசாமல் கொடுத்தேன். (லாரி என்பது அந்த நாட்டு நாணயம். சரக்கு லாரி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.)

மொழியைப் பற்றிச் சொல்கையில் ஒரு வேடிக்கை. ஜார்ஜிய மொழியில் அம்மாவுக்கு "தேதா", அப்பாவுக்கு "மாமா"! ஒரு சின்னப் பெண் சந்தையில் "மாமா, மாமா" என்று கத்திக்கொண்டு ஓட, நான் அவள் மாமாவைத் தேடினேன். முப்பத்து மூன்று எழுத்தும் நம் ஊர் முறுக்குப் பிழிந்தது போல் சுழித்துச் சுழித்து இருக்கின்றன.

புத்தகமல்லாத காகிதங்களில்தான் வீட்டு வாசனை அதிகம். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர் மாதிரியே அவர்களுக்கும் உண்டு. சூரியன் உதயம், அஸ்தமனம் போட்டிருக்கும், ராகு காலம் மட்டும் இல்லை. தாளின் பின்பக்கம் சமையல் குறிப்போ வீட்டு யோசனையோ. மார்ச் 8 மகளிர் தினத்துக்கு அனுப்பிய வாழ்த்து அட்டைகள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. 1966-லிருந்து அங்கே அது விடுமுறை நாள். துலிப் பூவும், மஞ்சள் மிமோசாக் கொத்தும், பெரிதாக 8 என்ற எண்ணும். ஒரு அட்டை ஒன்றிரண்டு லாரிதான். விளாதிமிர் ஸரூபின் வரைந்த முயல், கரடி, முள்ளெலி அட்டைகளுக்கு மட்டும் விலை ஏறிக் கிடக்கிறது. சேர்க்கிறவர்கள் அதிகம். அவர் கார்ட்டூன் படங்களுக்கு வரைந்தவராம்.

"ரபோத்னித்சா" என்ற மாதர் பத்திரிகை ஒன்று கிடைத்தது. உழைக்கும் பெண் என்று அர்த்தம். 1914-ல் தொடங்கியது. 1970-களில் மாதம் ஒரு கோடிப் பிரதிக்கு மேல் அச்சாயிற்று. அம்மாடி, ஒரு கோடி! கதை, குழந்தை வளர்ப்பு, பின்னல் வேலை என்று புரட்டப் புரட்ட நம் பத்திரிகையைப் பார்ப்பது போலவே இருந்தது. சில இதழ்களில் உடை வெட்டுவதற்கான வடிவத் தாள் இணைத்துக் கொடுப்பார்களாம். எனக்குக் கிடைத்த இதழில் அந்தத் தாளைக் காணோம். எவளோ ஒருத்தி கத்தரித்து கவுன் தைத்திருப்பாள். தைத்துப் போட்டுக்கொண்டவளைக் குறை சொல்ல முடியுமா?

நான் தேடிப் போன பெரிய பொருள் ஒரு சமையல் புத்தகம். "சுவையும் ஆரோக்கியமும் உள்ள உணவு பற்றிய நூல்" என்று தமிழில் சொல்லலாம். 1939-ல் முதலில் வந்தது. அப்போது உணவுத் துறையைக் கவனித்த மிகோயான் என்ற மந்திரியின் முயற்சி அது. 1952-ல் பெரிய அளவில், வண்ணப் படங்களோடு ஐந்து லட்சம் பிரதிகள் போட்டார்கள். அதன் பிறகும் திருத்தித் திருத்திப் பல தடவை வந்திருக்கிறது. 1952 பதிப்பில் முன்னால் ஸ்டாலின் வார்த்தைகள் இருக்கும், பிந்திய பதிப்புகளில் இருக்காது. சேர்க்கிறவர்கள் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். நான் பார்த்தது படங்களை. மேஜை நிறைய முழு மீன், பழக்கூடை, வெட்டுக் கண்ணாடிக் கிண்ணங்கள். குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் தனிப் பகுதிகள். ஜார்ஜியர்களின் கார்ச்சோ சூப்பும் உண்டு.

முதல் நாள் கேட்ட வியாபாரி இருநூறு லாரி சொன்னார். ஓரம் எல்லாம் செல் அரித்திருந்தது. நான்காம் நாள், பூங்கா வேலியோரம் ஒரு மரத்தடியில் அதே புத்தகம். பக்கத்தில் அறுபத்தைந்து எழுபது வயது மதிக்கத்தக்க அம்மாள், கையில் பின்னல் ஊசியோடு. என் பெண் "கல்பாத்தோனோ" என்று அழைத்தாள். "அம்மணி" என்கிற மாதிரி மரியாதைச் சொல். அவளுக்குத் தெரிந்த அரைகுறை ஜார்ஜியனிலும் ரஷ்யனிலும் பேச்சு நடந்தது.

புத்தகம் அந்த அம்மாளின் மாமியாருடையது. நல்ல மீனும் இறைச்சியும் வாங்க வரிசையில் நின்ற காலத்திலும் இந்தப் படங்களைப் புரட்டிக் காட்டித்தான் மாமியார் குழந்தைகளுக்குச் சோறு ஊட்டுவாராம். 1974-லிருந்து சோவியத் யூனியனில் ஒரு ஏற்பாடு இருந்தது. இருபது கிலோ பழைய காகிதம் கொண்டு போய்ப் போட்டால் ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். அந்தச் சீட்டைக் காட்டிக் காசும் கொடுத்தால்தான் டூமாவின் நாவல், ஆண்டர்சன் கதைகள் மாதிரி கிராக்கியான புத்தகங்கள் கிடைக்கும். அந்த அம்மாள் வீட்டில் பக்கத்து வீட்டுப் பேப்பரையெல்லாம் கெஞ்சி வாங்கி, குழந்தையின் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்களாம். நாம் பழைய பேப்பரைப் போட்டுவிட்டு பிளாஸ்டிக் குடம் வாங்குகிறோமே, அது மாதிரி. அப்போதும் இந்தச் சமையல் புத்தகத்தைத் தராசில் ஏற்றவில்லை. இருட்டுக் காலத்தில் பியானோ போயிற்று, கம்பளங்கள் போயின, டூமா போனார். இது மட்டும் போகவில்லை.

"இப்போ ஏன் விக்கிறீங்கன்னு கேளு" என்றேன்.

கேட்டாள். பெண் இத்தாலியில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். ஜார்ஜியாவிலிருந்து எத்தனையோ பெண்கள் அப்படிப் போயிருக்கிறார்கள். பேரனும் அவளோடு போய்விட்டான். ஒருத்திக்கு எதற்கு இந்த மேஜை நிறையச் சமையல்? முட்டிவலி மருந்துக்குப் பென்ஷன் பற்றவில்லை.

விலை நூற்றிருபது லாரி. "எண்பதுன்னு கேளு" என்றேன் வழக்கம்போல. பேரம் பேசாமல் வாங்குவது எனக்குக் கை வராத காரியம். தேங்காய்க்காரரிடமே விட மாட்டேன்.

"அம்மா, இந்தப் பாட்டிகிட்ட நான் பேசமாட்டேன். வேணும்னா நீயே தமிழ்ல பேசிக்கோ."

நான் பதில் சொல்லாமல் புத்தகத்தைப் புரட்டினேன். அப்போதுதான் பார்த்தேன், பக்கங்களுக்கு நடுவே கையெழுத்துச் சீட்டுகள். கோடு போட்ட தாள், காலண்டர் தாள், மருந்துக் கடைக் காகிதம் என்று பதினைந்துக்கு மேல் இருக்கும். முறுக்கு முறுக்கான ஜார்ஜிய எழுத்தில் மாமியார் எழுதியவை. அச்சுப் பக்கத்து ஓரங்களிலும் பென்சிலால் திருத்தம். சர்க்கரையைக் குறை, வெண்ணெய்க்குப் பதில் இதைப் போடு என்கிற மாதிரி. சேர்க்கிறவளின் கண்ணுக்குச் சொல்லவா வேண்டும்? ஐந்து லட்சம் பிரதி அச்சான புத்தகம் எங்கேயும் கிடைக்கும். இந்தச் சீட்டுகள் உலகத்தில் இங்கே மட்டும்தான்.

நான் நூற்றிருபதையும் எண்ணி நீட்டினேன். அந்த அம்மாள் பணத்தை மடியில் வைத்துவிட்டு, "ஒரு நிமிஷம்" என்று சைகை காட்டிப் புத்தகத்தை வாங்கினார். சீட்டுகளை ஒவ்வொன்றாக உருவினார். ஒவ்வொன்றையும் கண்ணாடிக்கு அருகில் கொண்டு போய்ப் படித்து, கைப்பையில் போட்டுக்கொண்டார். என் மகள் என்னைப் பார்த்தாள். புத்தகத்தோடு சேர்த்துத்தானே பணம் கொடுத்தோம் என்று கேட்கலாம்தான். கேட்க வாய் வரவில்லை. என் மாமியார் கையெழுத்தில் எங்கள் வீட்டில் மாவடு அளவுச் சீட்டு ஒன்று இருக்கிறது. அதை நான் யாருக்குக் கொடுப்பேன்?

கடைசிச் சீட்டை மட்டும் அவர் நெடுநேரம் வைத்திருந்தார். பிறகு என் மகளிடம் நீட்டி, செல்போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பச்சை வால்நட் காயில் செய்யும் இனிப்பு ஜாம். காயைத் தோல் சீவிச் சுண்ணாம்புத் தெளிவில் ஊறவைத்துக் கழுவிய பிறகுதான் பாகில் போட வேண்டுமாம். சுண்ணாம்புத் தெளிவு என்றதும் எனக்குப் பூசணிக்காய் மிட்டாய் ஞாபகம் வந்தது. கிளம்பும்போது 1978 தேதியிட்ட மார்ச் 8 அட்டைகள் இரண்டைச் சும்மாவே என் கையில் வைத்தார்.

அவர் விரிப்பில் இன்னொரு பெரிய புத்தகமும் இருந்தது. ஷோத்தா ருஸ்தாவேலியின் "புலித்தோல் போர்த்த வீரன்" காவியம். ஜார்ஜியர்களுக்கு அது நமக்குக் கம்பராமாயணம் மாதிரி. முன்னெல்லாம் பெண்ணுக்குச் சீர் வைக்கும்போது பாத்திரம் பண்டத்தோடு அந்தக் காவியமும் வைப்பது வழக்கமாம். எவ்வளவு நல்ல வழக்கம்! விலை கேட்டதற்கு, அது விற்பதற்கல்ல, காற்றில் துணி பறக்காமல் இருக்க பாரம் வைத்திருக்கிறேன் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

வாங்கிய பிறகு என்ன செய்வது என்றும் சொல்லிவிடுகிறேன். பழைய புத்தகத்தை வீட்டுக்குள் கொண்டு வந்தவுடன் அலமாரியில் அடுக்காதீர்கள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு மொட்டை மாடியில் தூசி தட்டுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறு யாரிடமாவது விட வேண்டும். நேர் வெயிலில் வைத்தால் தாள் பழுப்பேறும், நிழல் காற்றே போதும். பூச்சி இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீஸரில் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விட வேண்டும், இல்லாவிட்டால் நீர் கோத்துக்கொள்ளும். ("மீன் வைக்கிற இடத்துல கதைப் புஸ்தகமா!" என்று என் பையன் தலையில் அடித்துக்கொண்டான்.) கிழிசலுக்கு ஒட்டும் டேப் கூடவே கூடாது, பசை மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும். அந்துருண்டை வேண்டாம், சிறு குழந்தை உள்ள வீட்டில் கண்டிப்பாக வேண்டாம். வசம்பும் காய்ந்த வேப்பிலையும் சின்னத் துணிப்பையில் முடிந்து அலமாரி மூலையில் வைத்தால் போதும். இலையைப் புத்தகத்துக்குள் வைக்காதீர்கள், கறை படியும்.

சமையல் புத்தகம் நல்ல கனம். அதைப் பெட்டியில் வைப்பதற்காகச் சொந்தக்காரர்களுக்கு வாங்கிய சுர்ச்சுகேலாவில் பாதியை மகளின் அறையிலேயே விட்டு வந்தேன். வால்நட் பருப்பைக் கயிற்றில் கோத்துத் திராட்சைப் பாகில் முக்கிக் காயவைத்த மிட்டாய் அது, பார்க்க மெழுகுவர்த்தி மாதிரி இருக்கும். சமையல் புத்தகத்தை என் பெண் படம் பார்த்தபடி ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் எனக்குச் சொல்வதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரு பக்கம் நடக்கிறது. ஓரத்துப் பென்சில் எழுத்தைப் படிக்க மட்டும் அவளுடைய ஜார்ஜியத் தோழி வேண்டியிருக்கிறாள்.

"ரபோத்னித்சா" இதழ் ஏதாவது வடிவத் தாளோடு முழுசாகக் கண்ணில் பட்டால் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். பத்து லாரி வரைக்கும் கொடுக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.